முச்சந்தியில் கொலம்போ

முதல் துப்பு: இந்தத் தொடரில் கொலைகாரர் யார் என்பது ஆரம்பத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். எப்படி மாட்டுகிறார் என்பதுதான் கதை. இரண்டாவது: துப்பறிபவர் வாய்க்கு வாய் தன் மனைவியைப் பற்றிப் பேசுவார், ஆனால் அந்த அம்மாவை ஒருமுறைகூடக் காட்டமாட்டார்கள். மூன்றாவது: கசங்கிய மழைக்கோட்டு, லொடலொடவென்று ஒரு பெஜோ கார், சோம்பேறி நாய் ஒன்று. நான்காவது: விசாரணை முடிந்து கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவார், இன்னும் ஒரே ஒரு சின்ன விஷயம் கேட்கணும் என்று தலையைச் சொறிவார்.

பழைய அமெரிக்கத் தொடர்களை யூட்யூபில் தோண்டுகிறவர்கள் மூன்றாவது துப்பிலேயே கையைத் தூக்கியிருப்பார்கள். கொலம்போ. நம்ம கொழும்பு இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் லெஃப்டினன்ட் கொலம்போ. நடித்தவர் பீட்டர் ஃபாக். 1968இல் ஒரு தொலைக்காட்சிப் படமாக வந்து, 1971இலிருந்து தொடராக ஓடியது.

சரி, இப்போது கஷ்டமான கேள்வி. கொலம்போ என்பது குடும்பப் பெயர். அவருடைய சொந்தப் பெயர் என்ன?

தொடரில் யாரும் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 1971இல் வந்த ஒரு அத்தியாயத்தில் அவருடைய அடையாள அட்டை கண நேரம் தெரியும். படத்தை நிறுத்திப் பார்த்தால் ‘ஃப்ராங்க்’ என்று படிக்கலாம். ஆனால் வீடுகளில் வீடியோ பிளேயர் இல்லாத காலத்தில் படத்தை நிறுத்திப் பார்ப்பது யார்? ஒருமுறை போனது போனதுதான்.

இந்த இடைவெளியில் ஒருவர் புகுந்தார். ஃப்ரெட் வொர்த், கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக வேலை பார்த்தவர். ஓய்வு நேரத்தில் துண்டுத் தகவல்களாகச் சேர்த்துச் சேர்த்து 1974இல் ‘தி ட்ரிவியா என்சைக்ளோபீடியா’ என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதில் ஆயிரக்கணக்கான உண்மைகளுக்கு நடுவே தெரிந்தே ஒரு பொய்யை நட்டு வைத்தார்: கொலம்போவின் முதல் பெயர் பிலிப்.

ஏன் பொய்? வரைபடம் தயாரிக்கிறவர்கள் இல்லாத ஒரு சந்தைத் தங்கள் மேப்பில் வரைந்து வைப்பார்கள். வேறொருவர் மேப்பிலும் அந்தச் சந்து இருந்தால் திருட்டு பிடிபட்டுவிடும். என் தொழிலிலும் இது உண்டு. வாடிக்கையாளர் பட்டியலில் நாமே உருவாக்கிய ஒரு போலி முகவரியைச் சேர்த்து வைத்தால், அந்த முகவரிக்கு எங்கிருந்தாவது விளம்பர மெயில் வரும் நாளில் பட்டியல் கசிந்தது தெரிந்துவிடும். பிலிப் அப்படி ஒரு இல்லாத சந்து.

பத்து வருடத்துக்குப் பிறகு அந்தச் சந்துக்குள் ஆள் வந்தது. வட அமெரிக்காவே பைத்தியமாக விளையாடிக்கொண்டிருந்த ‘ட்ரிவியல் பர்சூட்’ என்ற விளையாட்டின் ஓர் அட்டையில் கேள்வி: கொலம்போவின் முதல் பெயர் என்ன? பின்புறம் விடை: பிலிப்.

வொர்த் 1984இல் வழக்குப் போட்டார். கேட்ட நஷ்டஈடு 30 கோடி டாலர்.

டிவி தொடரில் வந்த ஒரு போலீஸ்காரரின் பெயருக்கு 30 கோடி டாலரா என்று சிரிப்பு வரலாம். ஆனால் வழக்கின் அடியில் இருந்த கேள்வி சாதாரணமானதல்ல. நாலு பேர் உட்கார்ந்து, ஒருத்தர் துப்புக் கொடுக்க, மற்றவர்கள் தொடரின் பெயரைக் கண்டுபிடிக்கும்போது, அந்தத் தகவல் யாருடையது? ஒன்றாகப் பார்த்தவர்களுடையதா, அதைத் தொகுத்தவருடையதா? பார்க்கவே வாய்ப்பில்லாமல் போனவர்களுக்கு அதில் பங்கு உண்டா?

*

ட்ரிவியா என்ற சொல்லின் பூர்வீகம் லத்தீன். ‘ட்ரிவியும்’ என்றால் மூன்று சாலைகள் கூடுமிடம். தமிழில் அச்சாக ஒரு சொல் இருக்கிறது: முச்சந்தி. முச்சந்தியில் பேசப்படுவது என்றால் மதிப்பில்லாத பேச்சு என்று ரோமானியர்களுக்கும் ஓர் எண்ணம் இருந்தது, நமக்கும் இருக்கிறது. ‘முச்சந்தியில நின்னு பேசாதே’ என்று வீட்டில் திட்டு வாங்காதவர் யார்?

ஆனால் முச்சந்திக்கு இன்னொரு குணமும் உண்டு. மூன்று வெவ்வேறு தெருக்காரர்கள் தினமும் ஒருவரை ஒருவர் பார்க்கும் இடம் அது ஒன்றுதான்.

அந்தச் சொல் ஒரு விளையாட்டின் பெயரானது 1965இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். அதைச் சொல்வதற்கு முன் அங்கே ஆறு வருடங்களுக்கு முன்பு நடந்த ஓர் அசிங்கத்தைச் சொல்லவேண்டும்.

1950களின் பிற்பாதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும்பணம் தரும் வினாடி வினாக்கள் கொடிகட்டிப் பறந்தன. அதில் ஒன்று ‘ட்வென்டி ஒன்’. ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்பவர் வாரக்கணக்கில் ஜெயித்துக்கொண்டிருந்தார். ஆனால் நிகழ்ச்சிக்குப் புதுமுகம் வேண்டியிருந்தது. 1956 டிசம்பரில், தோற்றுவிடு என்று அவருக்கு உத்தரவு போனது. எந்தக் கேள்வியில் தவறாகச் சொல்லவேண்டும் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருந்தது. 1955ஆம் ஆண்டுக்கான சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு? விடை ‘மார்ட்டி’. ஸ்டெம்பெல் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். கேமரா முன்னால் நின்று ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ என்று சொன்னார்.

அவருக்குப் பதிலாக ஜெயித்தவர் சார்லஸ் வான் டோரன். கொலம்பியாவில் ஆங்கில ஆசிரியர், லட்சணமான மனிதர். 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன்னால், விடைகள் தனக்கு முன்பே தரப்பட்டன என்று ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழக வேலையும் போனது.

பணத் தொகையை விட ஸ்டெம்பெலின் அந்த ஒரு நிமிடம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. தனக்குப் பிடித்த ஒன்றின் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது. லட்சக்கணக்கானவர்கள் பார்க்க அதைத் தெரியாது என்று நடிக்கவேண்டும். நண்பர்களுக்கு நடுவே விடை தெரிந்தவர் சீட்டிலிருந்து எழுந்து கத்துவாரே, அதற்கு நேர் எதிரான நிமிடம் அது.

இப்போது 1965. அதே கொலம்பியா. எட் குட்கோல்ட், டேன் கார்லின்ஸ்கி என்ற இரண்டு மாணவர்கள். விடுதி அறைகளில் பையன்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளைக் குட்கோல்ட் மாணவர் நாளிதழில் எழுத ஆரம்பித்தார். அதற்கு ட்ரிவியா என்று பெயர் வைத்தார். தொடர்ந்து கல்லூரிகளுக்கிடையே போட்டிகள், 1966இல் புத்தகம். பரிசுப் பணம் பெரிதாக ஒன்றும் கிடையாது. சின்ன வயதில் கேட்ட ரேடியோ தொடர், பார்த்த டிவி, படித்த காமிக்ஸ் இவைதான் பாடத்திட்டம்.

அந்த ரகக் கேள்வி ஒன்று: லோன் ரேஞ்சரின் குதிரை பெயர் சில்வர் என்று ஊருக்கே தெரியும். அவருடைய தோழன் டோண்டோவின் குதிரைக்கு என்ன பெயர்? ஸ்கவுட். இதைத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விடுதி அறையில் ‘ஸ்கவுட்!’ என்று ஒருவன் கத்தியதும், பென்சில்வேனியாவிலிருந்து வந்தவனும் டெக்சாஸிலிருந்து வந்தவனும் ஒரே சாயங்கால நேரத்தில், வெவ்வேறு வீடுகளில், ஒரே பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இருவருக்கும் தெரிந்துவிடுகிறது.

குட்கோல்டும் கார்லின்ஸ்கியும் இதில் கறாராக இருந்தார்கள். ஒரு மலையின் உயரம், ஒரு நாட்டின் தலைநகரம் போன்றவற்றைக் கேட்டால் அது அவர்கள் கணக்கில் ட்ரிவியா கிடையாது. வெறும் நுணுக்கத் தகவல். விடை தெரிந்ததும் ‘அட ஆமாம்ல!’ என்று நெஞ்சுக்குள் ஒன்று அசையவேண்டும். மறந்துபோனது என்று நினைத்தது திரும்பி வரவேண்டும். நண்பர்கள் வட்டத்தில் கேள்வி தயாரிக்கிற யாரும் மனதில் வைக்கவேண்டிய இலக்கணம் இது.

தலைமுறைக் கணக்கும் பொருந்துகிறது. 1950இல் அமெரிக்காவில் சுமார் 9 சதவீத வீடுகளில்தான் டிவி இருந்தது. 1960இல் அது கிட்டத்தட்ட 87 சதவீதம். 1965இல் கல்லூரியில் இருந்தவர்கள் அந்தப் பத்து வருடத்துக்குள் வளர்ந்தவர்கள். டிவியோடு வளர்ந்த முதல் கூட்டம் கல்லூரிக்குள் நுழைந்த கையோடு இந்த விளையாட்டுக்குப் பெயர் கிடைத்தது.

*

அடுத்த கட்டம் கனடா. 1979 டிசம்பரில் மான்ட்ரியலில் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபட் என்ற இரண்டு பத்திரிகைக்காரர்கள் ஸ்க்ராபிள் ஆட உட்கார்ந்தார்கள். பெட்டியில் சில எழுத்துக் கட்டைகளைக் காணோம். சரி, நாமே ஒரு விளையாட்டுச் செய்வோம் என்று ஆரம்பித்ததுதான் ட்ரிவியல் பர்சூட். ஆறு துறைகள், ஆறு வண்ணங்கள், ஆயிரம் அட்டைகளில் 6,000 கேள்விகள். பொழுதுபோக்குக்கு இளஞ்சிவப்பு. 1984 ஒரே வருடத்தில் சுமார் 2 கோடிப் பெட்டிகள் விற்றதாகக் கணக்கு.

ஆறாயிரம் கேள்விக்கு எங்கே போவது? பல புத்தகங்களைப் புரட்டினார்கள். அதில் வொர்த்தின் புத்தகங்களும் உண்டு. இதை அவர்கள் மறுக்கவே இல்லை. கால்வாசிக்கும் மேற்பட்ட கேள்விகள் தன்னுடையவை, தன் புத்தகத்தின் அச்சுப்பிழைகள்கூட அப்படியே போயிருக்கின்றன என்றார் வொர்த். பிலிப் அதற்குச் சாட்சி.

வொர்த் தோற்றார். 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தது. சட்டத்தின் வாதம் எளிமையானது: தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. தகவல்களைத் தேர்ந்தெடுத்து, அடுக்கி, சொல்லும் விதத்துக்குத்தான் உண்டு. வொர்த்தின் புத்தகம் அகரவரிசை, விளையாட்டு துறைவாரியாகக் கலைத்துப் போட்ட அட்டைகள். இரண்டும் வேறு வேறு.

முதல் வாசிப்பில் எனக்கு வொர்த் மேல் இரக்கம்தான் வந்தது. கூகிள் இல்லாத காலத்தில், கட்டுப்பாட்டுக் கோபுர வேலை முடித்து வந்து, ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து சேர்த்த குவியல். அதை வைத்து வேறு இருவர் கோடீஸ்வரர் ஆகிறார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டோண்டோவின் குதிரைப் பெயரை முதலில் அச்சடித்தவருக்கு அந்தக் குதிரை சொந்தமாகியிருக்கும். நினைவுக்கு வாடகை கட்டவேண்டியிருக்கும்.

இன்னொன்றும் கவனிக்கலாம். பொறி வேலை செய்ததற்குக் காரணமே, தொடர் தயாரித்தவர்கள் வைக்காத ஒரு பெயரை, பார்த்தவர்கள் தங்களுக்குள் கடத்திக்கொண்டே போனதுதான். டிவி அதைச் சொல்லவில்லை. முச்சந்தி சொன்னது.

*

இந்த விளையாட்டு செழித்ததற்கு ஒரு நிபந்தனை இருந்தது: பார்ப்பதற்கு அதிகம் இல்லாமை. அமெரிக்காவில் மூன்றே பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள். ‘மேஷ்’ தொடரின் கடைசி அத்தியாயம் 1983 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பானபோது சுமார் 10.6 கோடிப் பேர் பார்த்தார்கள். அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 23 கோடி.

நம்மூரில் மூன்றுகூடக் கிடையாது, ஒன்றுதான். சென்னை தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சி என்ற தேசிய ஒளிபரப்பு 1982இல். 1984 ஜூலை 7 அன்று ‘ஹம் லோக்’ தொடங்கியது. அதற்கும் ஒரு சுவாரசியமான மூலம் இருக்கிறது: தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வசந்த் சாத்தே மெக்சிகோ போனபோது, குடும்பக் கட்டுப்பாடு போன்ற விஷயங்களை அழுகைத் தொடருக்குள் வைத்துச் சொல்லும் முறையை அங்கே பார்த்தார். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் நடிகர் அசோக் குமார் வந்து பேசுவார். பிறகு 1987 ஜனவரியில் ‘ராமாயண்’, 1988 அக்டோபரில் ‘மகாபாரத்’.

தமிழ்நாட்டில் பலருக்கு இந்தி தெரியாது. இருந்தும் பார்த்தார்கள். வேறு என்ன இருந்தது? வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, விவசாயத்துக்கு ‘வயலும் வாழ்வும்’, பார்வையாளர் கடிதங்களுக்கு ‘எதிரொலி’, ஞாயிற்றுக்கிழமை ஒரு படம். நடுவில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை. இன்றைக்கும் நாற்பதைத் தாண்டிய யாரிடமாவது அந்த அட்டையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அது ஒரு நிகழ்ச்சி மாதிரியே பேசுவார்கள்.

1993இல் சன் டிவி வந்த பிறகும் கொஞ்ச காலத்துக்கு இந்த ஒருமை குலையவில்லை. தொண்ணூறுகளில் ‘மர்மதேசம்’, 1999இல் ‘சித்தி’, 2002இல் ‘மெட்டி ஒலி’, 2003இல் ‘கோலங்கள்’. சாயங்காலம் தெருவில் நடந்துபோனால் ஒரு வீட்டில் விட்ட வசனத்தை அடுத்த வீட்டில் பிடித்துக்கொள்ளலாம் என்பார்கள். மிகை கிடையாது, நான் நடந்திருக்கிறேன்.

*

என் நண்பர்கள் ஏழு பேர். பொறியியல் கல்லூரி விடுதியில் ஆரம்பித்த பழக்கம், இப்போது சனிக்கிழமை இரவுகளில் வீடியோ அழைப்பில் தொடர்கிறது. விதிகள் எளிது. ஒருவர் ஐந்து துப்புகள் வைத்திருப்பார், கடினமானது முதலில். முதல் துப்பில் சொன்னால் ஐந்து மதிப்பெண், கடைசித் துப்பில் ஒன்று. போன் திரும்பித்தான் கிடக்கவேண்டும்.

“இந்தத் தொடர்ல கதை சொல்றவருக்கு உடம்பே கிடையாது.”

“பேய்த் தொடரா?”

“இல்ல. அவருக்கு வயசும் கிடையாது.”

“டேய், மகாபாரத்! ‘நான் காலம் பேசறேன்’னு சக்கரம் சுத்துமே!”

இப்படி. “ஒரு தொடர்ல பீஷ்மர், இன்னொரு தொடர்ல பத்திரிகை போட்டோகிராபர், ரெண்டும் ஒரே ஆள்” என்றால் இரண்டாவது தொடர் ‘சக்திமான்’. “முகப்புப் பாட்டுக்கு ஆடினவங்க பேரோட இன்னைக்கும் தொடர் பேர் ஒட்டிக்கிட்டிருக்கு” என்றால் ‘மெட்டி ஒலி’. “டைரக்டரே உள்ள நடிச்சிருப்பார், அஞ்சு பொண்ணு பெத்த அப்பா கதை” என்றாலும் அதுவேதான். இரண்டாவது, ஒரு மதிப்பெண் துப்பு.

எங்களில் ஒருவன் இந்த ஆட்டத்தில் விசித்திரமாக ஆடுவான். முகப்பு இசையை இரண்டு நொடி முணுமுணுத்தால் போதும், யாரும் வாய் திறப்பதற்குள் சொல்லிவிடுவான். யார் குரல், எந்த வசனம் என்றாலும் அவன்தான். ஆனால் உருவத்தில் துப்பு வைத்தால் மௌனம். அந்த மாமியார் எப்படிப் பொட்டு வைத்திருப்பார், வீட்டு வாசலில் என்ன கார் நிற்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. ஏதோ காது விஷேசம் என்று கிண்டல் செய்துகொண்டிருந்தோம்.

மூன்றாம் வருடம் ஒரு ராத்திரி சாதாரணமாகச் சொன்னான். “எங்க ஊர்ல டிவி இருந்தது ஊர்த் தெருவுல. எங்க தெருப் பசங்கள உள்ள விடமாட்டாங்க. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சுவரோரமா உக்காந்துக்குவோம். சத்தம் கேக்கும்ல, அது போதும். மூஞ்சியெல்லாம் நாங்களே வெச்சுக்குவோம்.”

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் எதையும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த கேள்வியை அவன்தான் கேட்டான்.

ஒரே பெட்டி முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம் என்று மேலே எழுதினேன் அல்லவா, அந்த ‘எல்லோரும்’ எவ்வளவு பேர் என்று இதற்குப் பிறகு எண்ணிப் பார்க்காமல் இருக்கமுடியாது. கொலம்பியா விடுதி அறையில் ஸ்கவுட் பெயரைக் கத்தியவர்கள் ஆண்கள் மட்டுமே படித்த ஒரு கல்லூரியின் மாணவர்கள். கொலம்பியா கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1983இல்தான். டோண்டோவோ ஒரு செவ்விந்தியப் பாத்திரம். அந்த அறையில் அவனுடைய இனத்திலிருந்து எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பொது நினைவுக்கு எப்போதும் ஒரு ஜன்னல் இருக்கிறது, ஜன்னலுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்த ஜன்னலை உடைக்க அரசே சில காரியங்கள் செய்தது. பஞ்சாயத்து டிவி அறைகள் முதலில். பிறகு 2006 தேர்தலில் வாக்களித்தபடி திமுக அரசு அதே வருடம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. ஓட்டுக்காகக் கொடுத்தார்கள், கேபிள் வியாபாரத்துக்காகக் கொடுத்தார்கள் என்ற விமர்சனங்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. அவற்றைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சுவரோரம் உட்கார்ந்த பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பெட்டிக்கு வேறு ஒரு எடையும் உண்டு. சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்து முகங்களைப் பார்ப்பது. என் நண்பன் வீட்டுக்கும் டிவி வந்தது. அப்போது அவன் விடுதிக்கு வந்துவிட்டான். தங்கைதான் பார்த்தாள்.

பிற்பாடு ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொடரைப் பற்றிப் படித்தபோது எனக்கு இவன் ஞாபகம் வந்தது. 1963இல் தொடங்கிய தொடர். டேப் விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு மதிப்பில்லை என்று பிபிசி 1960கள், 70களில் பழைய டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் போய்விட்டன. ஆனால் அவை எல்லாவற்றின் ஒலியும் இன்று கிடைக்கிறது. காரணம், ரசிகர்கள் சிலர் தங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் ஒவ்வொரு வாரமும் சத்தத்தைப் பதிந்து வைத்திருந்தார்கள். தயாரித்த நிறுவனம் அற்பம் என்று அழித்ததை, காதால் கேட்டவர்கள் காப்பாற்றினார்கள். அந்த ஒலியை வைத்துத்தான் பின்னால் அனிமேஷனில் முகங்களைத் திரும்ப வரைந்தார்கள். மூஞ்சியை நாங்களே வைத்துக்கொள்வோம் என்று அவன் சொன்னது இதைத்தான்.

*

இப்போது நிலைமை தலைகீழ். டிவி எல்லோரிடமும் இருக்கிறது, பாக்கெட்டுக்குள்ளேயே. பார்ப்பதற்கு அளவே கிடையாது. ஆனால் ஒரே பெட்டி என்பது போய்விட்டது. 2016இல் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது, கூடவே மற்றவையும். பரிந்துரை நிரல் ஆளுக்கொரு முகப்பைக் கட்டித் தருகிறது. ஒரே தொடருக்குக்கூட உங்களுக்குக் காட்டும் போஸ்டரும் எனக்குக் காட்டும் போஸ்டரும் வேறாக இருக்கலாம். இந்த மாதிரி நிரல் எழுதுகிற தொழிலில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன், அதன் வேலையே உங்களை அடுத்தவரிடமிருந்து பிரித்துத் தெரிந்துகொள்வதுதான்.

எங்கள் ஆட்டத்தில் அது தெரிகிறது. ஒருவன் கொரியத் தொடர் கேட்கிறான், மூன்று பேர் பார்த்ததே இல்லை. இன்னொருத்தி ஸ்பானியத் தொடர் கேட்கிறாள், அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். ‘அட ஆமாம்ல!’ வரவேண்டிய இடத்தில் ‘ஓ, அப்படியா’ வருகிறது. குட்கோல்ட் சொன்ன வகைப்பாட்டில், ட்ரிவியா நுணுக்கத் தகவலாகச் சுருங்கிவிட்டது. இதனால்தான் பலரும் எண்பதுகளை, தொண்ணூறுகளை நினைத்து ஏங்குகிறார்கள். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் ‘ராமாயண்’ தொடரை மறுபடி போட்டபோது அந்த ஏக்கத்தின் அளவு தெரிந்தது.

எனக்கு அந்த ஏக்கத்தில் முழு மனது இல்லை. ஒரே பெட்டிக் காலத்தைத் திரும்பக் கேட்டால் ஜன்னலும் சேர்ந்துதான் வரும்.

வேறொரு வழி நம்மிடமே இருக்கிறது, மிகப் பழையது. விடுகதை. தொல்காப்பியம் அதைப் ‘பிசி’ என்று செய்யுள் வகைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. விடுகதைக்கும் ட்ரிவியாவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ட்ரிவியாவில் நீ அங்கே இருந்திருந்தால் தெரியும், இல்லாவிட்டால் எவ்வளவு யோசித்தாலும் வராது. விடுகதையில் முன்பின் கேட்டிராதவனும் யோசித்துப் போடலாம். விடை துப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ட்ரிவியா நினைவைக் கேட்கிறது, விடுகதை பக்கத்தில் உட்காரச் சொல்கிறது.

இரண்டு வருடமாக எங்கள் ஆட்டத்தில் ஒரு புது விதி. ஐந்தில் ஒரு துப்பாவது, தொடரைப் பார்க்காதவரும் யோசித்துப் பிடிக்கிற மாதிரி இருக்கவேண்டும். இது கேள்வி கேட்கிறவருக்குக் கஷ்டம். தனக்கு என்ன தெரியும் என்பதைக் காட்டுவது சுலபம், எதிரில் இருப்பவர் எங்கிருந்து வரக்கூடும் என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. சில வாரம் துப்பு படு மோசமாக வரும். சில வாரம் அமைந்துவிடும்.

போன மாதம் கேட்டது: “இந்த ஊர் எந்த மேப்லயும் கிடையாது. கதை எழுதினவர் மெட்ராஸ்ல பிறந்து மைசூர்ல வாழ்ந்தவர். முகப்புல வர்ற படமெல்லாம் அவர் தம்பி வரைஞ்சது. தம்பிய நாடே கார்ட்டூனிஸ்டா தெரிஞ்சு வெச்சிருக்கு. ஷூட்டிங் நடந்தது மழை கொட்டற ஆகும்பேல.”

சுவரோரம் உட்கார்ந்து கேட்டவன்தான் முதலில் சொன்னான். “ஆர்.கே. நாராயண், லட்சுமணன். அப்ப மால்குடி. ‘மால்குடி டேஸ்’. நூலகத்துல படிச்சிருக்கேன். சீரியல் பார்த்ததில்ல. சத்தம்கூடக் கேட்டதில்ல.”

ஐந்து மதிப்பெண் குறித்துக்கொண்டோம். அப்புறம் அவன் கேட்டான், “அந்த சாமிப் பையன் எப்படிடா இருப்பான்?”

பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினோம். கிரீஷ் கர்னாட் அப்பாவாக வந்து நின்றால் பையன் முழிக்கிற முழி, எல். வைத்தியநாதனின் அந்த மெட்டு, தூணும் திண்ணையுமாக ஆகும்பே வீடு. அன்றைக்கு அடுத்த கேள்விக்கு யாரும் போகவில்லை.